கீழே கடை, மேலே வீடு: அமெரிக்க நகர மையக் கட்டடங்களுக்கான விதிகள், ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்க நகரம் ஒன்றின் மையப் பகுதியில் கீழே உணவகமும் கடைகளும், அதற்கு மேல் நான்கு தளங்களில் வீடுகளும் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டடம் இரண்டு தனித்தனிச் சட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டும். முதலாவது ஜோனிங், அதாவது நிலத்தை மண்டலங்களாகப் பிரிக்கும் விதி. இந்த மனையில் எதைக் கட்டலாம், எவ்வளவு கட்டலாம், தெருவிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை அது தீர்மானிக்கும். இரண்டாவது கட்டட விதி. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் உயிரோடு வெளியே வர முடியுமா, கட்டடம் அதுவரை நிற்குமா என்பதே அதன் கவலை. இரண்டையும் பார்ப்பது பெரும்பாலும் வெவ்வேறு துறைகள். ஒரு துறையின் அனுமதி கையில் இருப்பதால் மற்றதில் எந்தச் சலுகையும் கிடைக்காது.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் படித்துவிட்டுப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். கலப்புப் பயன்பாட்டுக் கட்டடத்தில் சிக்கல் முளைக்கும் இடங்கள் வேறு. கடையும் வீடும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்று, ஜோனிங்கும் கட்டட விதியும் தொட்டுக்கொள்ளும் இடம் இன்னொன்று. இரண்டுமே பெரும்பாலும் தரைத்தளத்தில் இருக்கின்றன. மேலே உள்ள நான்கு தளங்களும் ஒரே வரைபடத்தின் நகல்தான். தரைத்தளத்தைச் சரியாகத் தீர்த்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

யார் போடும் விதி

ஜோனிங் உள்ளூர்ச் சட்டம். 1916இல் நியூயார்க் நகரம் முழு நகருக்குமான மண்டல விதியைக் கொண்டுவந்தது. 1926இல் யூக்ளிட் என்ற ஒஹாயோ ஊர் தொடர்பான வழக்கில், இப்படி நிலத்தை மண்டலம் பிரிப்பது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு ஒரு மண்டலம், கடைக்கு ஒரு மண்டலம், தொழிற்சாலைக்கு ஒரு மண்டலம் என்று பிரித்து வைக்கும் பழக்கம் அதன்பின் நாடெங்கும் பரவியது. கீழே கடை, மேலே வீடு என்ற மிகப் பழைய கட்டட வடிவம் பல ஊர்களில் சட்டவிரோதம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது நகர மையங்களில் அதைத் திரும்பக் கொண்டுவரத் தனி மண்டலங்களை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டட விதிக்கு ஒரு பொது மாதிரி உண்டு: சர்வதேசக் கட்டட விதி, சுருக்கமாக ஐ.பி.சி. பெயரில் சர்வதேசம் இருந்தாலும் இது அமெரிக்க ஆவணம்தான். முதல் பதிப்பு 2000இல் வந்தது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. மாநிலமோ நகரமோ அதை ஏற்று, தன் திருத்தங்களைச் சேர்த்த பிறகுதான் அது சட்டமாகும். ஆகவே எந்தப் பதிப்பு, எந்தத் திருத்தங்களோடு என்பதே முதல் கேள்வி. பக்கத்து ஊரில் 2021 பதிப்பும் இங்கே 2018 பதிப்பும் நடைமுறையில் இருக்கலாம். கீழே வரும் எண்கள் 2021 பதிப்பின் அடிப்படையில், ஊர்த் திருத்தம் எதுவும் சேர்க்காமல் சொல்லப்பட்டவை.

மனை என்ன தாங்கும்

ஓர் எடுத்துக்காட்டை எடுத்து, கடைசிவரை அதையே பார்ப்போம். மனை 100 அடிக்கு 120 அடி, அதாவது 12,000 சதுர அடி. முன்னால் 60 அடித் தெரு, பின்னால் 20 அடிச் சந்து, இரு பக்கமும் அடுத்தவர் மனை.

நகரின் மண்டல வரைபடத்தில் மனையின் வகையைப் பார்த்துவிட்டு, அந்த வகைக்கான பயன்பாட்டு அட்டவணைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் மூன்றில் ஒரு பதில் இருக்கும்: நேரடி அனுமதி, நிபந்தனையோடு அனுமதி, தடை. நிபந்தனை அனுமதி என்றால் பொது விசாரணை, அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபம், மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் சேர்ந்து வரும். நகர மையத்தில் உணவகத்துக்கு நேரடி அனுமதி இருக்கும். அதிலேயே மதுக்கூடம் சேர்ந்தால் நிபந்தனைப் பட்டியலுக்குப் போய்விடுவது சாதாரணம். அட்டவணையோடு நின்றுவிடக் கூடாது. பழமை பாதுகாப்பு, வெள்ளப்பகுதி, விமான நிலைய உயரக் கட்டுப்பாடு என்று அதே மனைமேல் இன்னொரு அடுக்கு விதி விரிக்கப்பட்டிருக்கலாம். அது வரைபடத்தில் மெல்லிய கோடாகத்தான் தெரியும், ஆனால் அடியில் உள்ள மண்டல விதியை மீறிச் செல்லும் அதிகாரம் அதற்கு உண்டு.

அடுத்தது தளப்பரப்பு விகிதம். இந்தியாவில் எஃப்.எஸ்.ஐ என்று சொல்வதை அங்கே எஃப்.ஏ.ஆர் என்பார்கள். விகிதம் 4 என்றால் 12,000 சதுர அடி மனையில் 48,000 சதுர அடி கட்டலாம். தரைத்தளம் 10,000, மேலே நான்கு தளம் தலா 9,500 என்று போட்டால் கணக்கு மிகச் சரியாக 48,000 வரும். ஆனால் எதைக் கணக்கில் சேர்ப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். வாகன நிறுத்துமிடம், அடித்தளம், பால்கனி, இயந்திர அறை ஆகிய நான்கையும் சேர்ப்பதா விடுவதா என்று அந்த ஊர் விதியின் சொல்விளக்கப் பகுதியில் பார்க்காமல் ஒரு சதுர அடிகூடக் கூட்டக் கூடாது. கட்டட விதியின் பரப்புக் கணக்கு இதிலிருந்து முற்றிலும் வேறு. ஒரே கட்டடத்துக்கு இரண்டு பரப்பு அட்டவணைகள் வரைபடத்தின் முதல் தாளில் இருப்பது குழப்பம் அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும்.

உயரத்துக்கும் இதே கதை. கட்டட விதியில் உயரம் என்பது கட்டடத்தைச் சுற்றியுள்ள தரையின் சராசரி மட்டத்திலிருந்து மிக உயர்ந்த கூரைப் பரப்பின் சராசரி வரை. ஜோனிங் நடைபாதையிலிருந்து அளக்கலாம், மனையின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்தும் அளக்கலாம். கைப்பிடிச் சுவரையும் லிஃப்ட் அறையையும் சேர்க்கவோ விலக்கவோ செய்யலாம். நம் கட்டடத்தில் தரைத்தளம் 16 அடி, மேல்தளங்கள் தலா 10.5 அடி. மொத்தம் 58 அடி. ஜோனிங் வரம்பு 60 அடி என்றால் 2 அடி மிச்சம் இருப்பதாகத் தோன்றும். கைப்பிடிச் சுவரைச் சேர்க்கும் ஊர் என்றால் அந்த மிச்சம் அப்போதே காலி.

வாகன நிறுத்தம் தனிக் கதை. மேல்தளத்துக்கு 9 வீடு வீதம் 36 வீடுகள், வீட்டுக்கு ஒரு கார் என்று விதி கேட்டால் 36 இடம் வேண்டும். காரைத் திருப்பும் பாதையோடு சேர்த்து ஒரு காருக்குச் சுமார் 330 சதுர அடி. பெருக்கிப் பார்த்தால் 11,880 சதுர அடி, கிட்டத்தட்ட முழு மனையும். அதாவது அந்த ஒரு வரி விதி தரைத்தளக் கடைகளை விழுங்கிவிடும், அல்லது தரைக்கு அடியில் ஒரு தளம் தோண்ட வைக்கும். பல திட்டங்கள் இங்கேயே நின்றுபோனதால்தான் நகரங்கள் இந்த விதியைத் தளர்த்தத் தொடங்கின. பஃபலோ 2017இல் குறைந்தபட்ச வாகன இடம் என்ற கட்டாயத்தை நகர் முழுவதும் எடுத்தது. மினியாபொலிஸ் 2021இலும் ஆஸ்டின் 2023இலும் அதையே செய்தன. வேறு இடங்களிலும் நகர மையத்துக்கு மட்டுமாவது விலக்கு இருக்கிறதா என்று தேடுவது பயன் தரும்.

புறநகரில் கட்டியவர்களுக்கு நகர மைய ஜோனிங் தலைகீழாகத் தெரியும். அங்கே முன்னால் இவ்வளவு அடி விடு என்பார்கள். இங்கே தெருக் கோட்டோடு ஒட்டியே கட்டு, தள்ளிப்போகாதே என்பார்கள். தரைத்தள முகப்பில் பாதிக்கு மேல் கண்ணாடி வேண்டும், தெருவைப் பார்த்து வீடு கூடாது, கடையின் உயரம் குறைந்தது இத்தனை அடி என்றெல்லாம் கேட்கும் ஊர்கள் உண்டு. நடந்து போகிறவருக்கு நீளமான மொட்டைச் சுவர் தெரியக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், ஆனால் மின்மாற்றி அறை, குப்பை அறை, தீயணைப்புக் குழாய் அறை எல்லாம் எங்கே போவது என்று அந்த விதி சொல்லாது.

ஆள் கணக்கு

கட்டட விதிக்குள் நுழைந்தால் முதலில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குழு எழுத்து கொடுக்க வேண்டும். அலுவலகம் பி, சில்லறைக் கடை எம், அடுக்கக வீடு ஆர்-2, ஹோட்டல் ஆர்-1, பொது வாகன நிறுத்தம் எஸ்-2. உணவகம் ஏ-2. ஆனால் 50 பேருக்குக் குறைவாக இருந்தால் அதே உணவகம் பி குழுவாக மாறிவிடும். இந்த 50 என்ற எண் கலப்புக் கட்டடத்தில் எத்தனையோ விஷயங்களைத் தீர்மானிக்கிறது.

எத்தனை பேர் என்பது உரிமையாளர் சொல்லும் எண் அல்ல. பரப்பை விதியில் உள்ள எண்ணால் வகுத்தால் வருவது. மேசை நாற்காலி போட்ட உணவுக்கூடத்துக்கு ஒருவருக்கு 15 சதுர அடி. இதில் சுவர், தூண், நடைவழி போன்றவை கழிந்த நிகரப் பரப்பை எடுக்க வேண்டும். சமையலறைக்கு 200, கடைக்கு 60, அலுவலகத்துக்கு 150, வீட்டுக்கு 200. இவை நான்கும் மொத்தப் பரப்பில்.

நம் தரைத்தளத்தில் 2,400 சதுர அடி உணவகம். அதில் சாப்பிடும் இடம் நிகரமாக 1,500, சமையலறை 700. 1,500ஐ 15ஆல் வகுத்தால் 100. 700ஐ 200ஆல் வகுத்தால் 3.5, அதை 4 என்று கொள்ள வேண்டும். மொத்தம் 104 பேர். ஏ-2 உறுதி. இரண்டு வெளியேறும் வழிகள், வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள், கதவில் தள்ளினால் திறக்கும் அவசரத் தாழ்ப்பாள் எல்லாம் கட்டாயம். இதையே சின்னக் காபிக் கடையாகச் சுருக்கி, சாப்பிடும் இடம் 600, அடுக்களை 400 என்று வைத்தால் 40ம் 2ம் சேர்ந்து 42 பேர். குழு பி. உள்ளிருந்து வாசல்வரை நடக்கும் தூரம் வரம்புக்குள் இருந்தால் ஒரே கதவு போதும்.

கடைகளுக்கும் இதே தந்திரம் உதவும். 4,600 சதுர அடியை ஒரே கடையாக விட்டால் 77 பேர், இரண்டு வெளியேறும் வழி வேண்டும். 2,300 வீதம் இரண்டாகப் பிரித்தால் தலா 39 பேர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் போதும். பின்பக்கச் சந்துக்குப் போகும் நடைபாதையை மிச்சப்படுத்துகிற வேலை இது. பிற்பாடு ஒரே வாடகைதாரர் நடுச்சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்துக் கேட்டால் அந்த நடைபாதை மறுபடி தேவைப்படும் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டு சட்டங்களும் முட்டிக்கொள்ளும் ஓர் இடம். ஜோனிங் சுவரைத் தெருக் கோட்டுக்கு இழுக்கிறது. 104 பேருக்கான கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும் என்கிறது கட்டட விதி. அதே விதியின் இன்னொரு பகுதி, கதவு பொது நடைபாதைக்குள் நீட்டித் திறக்கக் கூடாது என்கிறது. மூன்றும் சரி, மூன்றையும் மீற முடியாது. தீர்வு, கதவை மூன்று நான்கு அடி உள்ளே தள்ளி ஒரு குழிவு வாசல் அமைப்பது. அமெரிக்க நகரங்களில் பழைய கடைகளின் வாசல் உள்வாங்கி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முகப்பு வரைந்து ஒப்புதல் வாங்கிய பிறகு இது நினைவுக்கு வந்தால் கண்ணாடி விகிதக் கணக்கிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

சேர்த்துக் கணக்கிடுவதா, பிரித்துக் கணக்கிடுவதா

ஒரே கட்டடத்தில் பல குழுக்கள் இருந்தால் ஐ.பி.சி இரண்டு முக்கிய வழிகளைத் தருகிறது. முதல் வழியில் குழுக்களுக்கு நடுவே தனித் தீத்தடுப்புச் சுவர் கேட்பதில்லை; பதிலாக, இருக்கும் குழுக்களில் எதற்கு மிகக் கடுமையான வரம்போ அதுவே கட்டடம் முழுவதற்கும் பொருந்தும். இரண்டாவது வழியில் அட்டவணைப்படி குழுக்களைத் தீத்தடுப்புச் சுவராலும் தளத்தாலும் பிரிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு குழுவும் அதனதன் வரம்புக்குள் இருந்தால் போதும். மூன்றாவதாக, ஒரு தளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகாத துணைப் பயன்பாட்டுக்குத் தனிச் சலுகை உண்டு.

முதல் வழி எளிதாகத் தோன்றும். அது எங்கே கடிக்கும் என்று பார்க்க, கட்டுமான வகைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வகை 1 முதல் 5 வரை. 1ஏ என்றால் கான்கிரீட் அல்லது தீக்காப்புப் பூசிய எஃகு, மிக உறுதியானது. 5ஏ என்றால் மரச்சட்டக் கட்டுமானம், ஒரு மணி நேரத் தீத்தடுப்போடு, அதாவது அவ்வளவு நேரம் தீயைத் தாங்கும். 3ஏ என்பது உள்ளே மரம், வெளிச்சுவர் மட்டும் எரியாத பொருள் அல்லது தீத்தடுப்பு மருந்தேற்றிய மரம். அமெரிக்காவில் நடுத்தர உயர வீடுகள் பெரும்பாலும் மரத்தால் கட்டப்படுகின்றன என்பது நம் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். செலவு குறைவு என்பதுதான் காரணம். தளம் எண்ணும்போது தரைத்தளத்தையும் சேர்த்து ஒன்று என்று தொடங்க வேண்டும்.

கட்டடம் முழுவதும் முழு ஸ்பிரிங்ளர் (தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) வைத்த நிலையில், 5ஏ வகையில் ஆர்-2 நான்கு தளம் போகலாம். எம், பி குழுக்களுக்கும் நான்கு. ஏ-2க்கு மூன்றுதான். ஆகவே தரைத்தளத்தில் 104 பேர் உணவகம் ஒன்று வந்து, முதல் வழியில் கணக்குப் போட்டால், கட்டடமே மூன்று தளத்தோடு நின்றுவிடும். ஓர் உணவகத்துக்காக ஒரு தளம் முழுவதும், ஒன்பது வீடுகள், போய்விடும். இரண்டாவது வழியில் இந்தத் தொல்லை இல்லை. உணவகம் முதல் தளத்தில் இருக்கிறது, அதன் வரம்பு மூன்றாவது தளம். வீடு நான்காவதில் இருக்கிறது, அதன் வரம்பு நான்கு. இரண்டும் சரி. பிரிக்கக் கேட்கும் தடுப்பு, ஸ்பிரிங்ளர் இருந்தால், ஏ-2க்கும் ஆர்-2க்கும் நடுவே ஒரு மணி நேரம். 5ஏ வகையில் தளமே ஒரு மணி நேரத் தடுப்புள்ளது என்பதால் மேலும் கீழுமாகப் பிரிக்கக் கூடுதல் செலவு பெரிதாக இல்லை. உணவகத்துக்கும் வீட்டு நுழைவு மண்டபத்துக்கும், உணவகத்துக்கும் கடைக்கும் நடுவில் உள்ள சுவர்களைத்தான் கவனிக்க வேண்டும். கடைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே எந்தத் தடுப்பும் கேட்பதில்லை.

பரப்பு வரம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஸ்பிரிங்ளர் வைத்த பல தளக் கட்டடத்தில் 5ஏ ஆர்-2க்கு ஒரு தளத்துக்கு 36,000 சதுர அடி அனுமதி. நாம் கட்டுவது 9,500. நகர மையத்தின் சின்ன மனைகளில் முட்டுவது தளங்களின் எண்ணிக்கைதான்.

நமக்கு ஐந்து தளம் வேண்டுமே? இரண்டு வழி இருக்கிறது. 3ஏ வகைக்குப் போனால் ஆர்-2 ஐந்து தளம், 85 அடி உயரம் வரை செல்லும். இல்லாவிட்டால் போடியம், அதாவது மேடை. தரைத்தளத்தை 1ஏ கான்கிரீட்டில் கட்டி, அதன் மேல்தளத்தை மூன்று மணி நேரத் தீத்தடுப்பாக்கினால், தளங்களின் எண்ணிக்கைக்கும் பரப்புக்கும் கட்டுமான வகைக்கும் மேலே உள்ளதைத் தனிக் கட்டடமாகக் கருத விதி இடம் தருகிறது. அந்த மேடைமேல் நான்கு தளம் 5ஏ மரக் கட்டுமானம் ஏறும். உயரத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. தரையிலிருந்தே அளக்க வேண்டும். 5ஏ ஆர்-2 வரம்பு 70 அடி, நம் 58 அடி அதற்குள் இருக்கிறது. மேடையைத் துளைத்துக்கொண்டு போகும் படிக்கட்டுக்கும் ஷாஃப்டுக்கும் (குழாய்கள் தளம் தளமாக ஏறிப்போகும் செங்குத்துக் கூடு) குறைந்தது இரண்டு மணி நேரச் சுவர் வேண்டும். 2015க்கு முன்பு மேடை தரைக்கு மேல் ஒரு தளம்தான் இருக்கலாம் என்று இருந்தது. அந்த வரம்பு எடுக்கப்பட்ட பிறகு இரண்டு தள மேடைமேல் ஐந்து தளம் என்ற வடிவம் எங்கும் முளைத்தது.

பெரும்பாலான சிறு மனைகளுக்கு மேடையே நல்லது. 3ஏயில் வெளிச்சுவர் தளத்தோடு சேரும் இடங்களில் இரண்டு மணி நேரத் தடுப்பைத் தொடர்ச்சியாகக் காட்டுவது வரைபவருக்கும் தச்சருக்கும் பெரிய தலைவலி. அதோடு, கான்கிரீட் மேடை கடைகளுக்குத் தூண் இடைவெளியைத் தாராளமாகக் கொடுக்கும். மேலே வீட்டுச் சுவர்கள் எங்கே வருகின்றன என்று கீழே கவலைப்பட வேண்டியதில்லை.

படிக்கட்டு எங்கே இறங்குகிறது

மேல்தளம் ஒவ்வொன்றிலும் 9,500ஐ 200ஆல் வகுத்தால் 48 பேர். நான்கு தளத்தையும் கூட்டிப் படிக்கட்டு அகலம் போட வேண்டியதில்லை. அதிக ஆள் உள்ள தளத்தை வைத்துத்தான் கணக்கு. பொதுவான குறைந்தபட்ச அகலம் 44 அங்குலம். 50 பேருக்குக் குறைவு என்றால் 36 வரை விதி இறங்கிவரும், ஆனால் சோபாவை மேலே ஏற்ற வேண்டியவர்கள் 44ஐ விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஆள் குறைவாயிற்றே, ஒரே படிக்கட்டு போதாதா? ஆர்-2க்கு ஒற்றைப் படிக்கட்டு மூன்று தளம் வரை, தளத்துக்கு நான்கு வீடு வரைதான். சியாட்டில் போன்ற நகரங்கள் நிபந்தனைகளோடு ஆறு தளம் வரை ஒற்றைப் படிக்கட்டை அனுமதிக்கின்றன. அது உள்ளூர்த் திருத்தம். நமக்கு இரண்டு வேண்டும். இரண்டும் அருகருகே இருக்கக் கூடாது: தளத்தின் மூலைவிட்டத்தில் பாதி தூரமாவது தள்ளியிருக்க வேண்டும், ஸ்பிரிங்ளர் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. 95 அடிக்கு 100 அடித் தளத்தின் மூலைவிட்டம் சுமார் 138 அடி. ஆகவே 46 அடி. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தளங்களை இணைப்பதால் படிக்கட்டைச் சுற்றி இரண்டு மணி நேரச் சுவர். மிக உயர்ந்த தளம் தீயணைப்பு வண்டி நிற்கும் மட்டத்திலிருந்து 30 அடிக்கு மேல் இருப்பதால் தீயணைப்பு வீரர் குழாய் மாட்டும் நிலைக்குழாயும் வேண்டும். 75 அடியைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம் என்ற வேறு உலகம். நம் உச்சித் தளம் 47.5 அடியில் இருப்பதால் தப்பித்தோம்.

சிக்கல் தரையில் இருக்கிறது. இரண்டு படிக்கட்டும் இறங்கும் இடத்தில் கடை இருக்கிறது. வீட்டிலிருந்து தப்பி வருகிறவர் கடைக்குள் புகுந்து வெளியேறுவது வழியாகாது. கடை பூட்டியிருக்கும், அல்லது தீயே அங்கேதான் எரியும். ஒரு படிக்கட்டு மட்டும், நிபந்தனைகளோடு, நுழைவு மண்டபம் வழியாக வெளியேறலாம். இன்னொன்று நேரே வெளியே திறக்க வேண்டும், அல்லது தெருவரை இரண்டு மணி நேரத் தடுப்புள்ள மூடிய நடைபாதை வேண்டும். 6 அடி அகலத்தில் 50 அடி நடைபாதை என்றால் 300 சதுர அடி வாடகை இடம் போச்சு. படிக்கட்டைச் சந்துப்பக்கச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டால் இந்தச் செலவே இல்லை. படிக்கட்டு இடத்தைத் தரைத்தள வரைபடத்தில் முடிவு செய்துவிட்டு மேலே போக வேண்டும். வீடுகளை வரைந்துவிட்டு மிச்ச மூலையில் படிக்கட்டைத் திணிப்பவர்கள்தான் இந்த நடைபாதையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

லிஃப்ட், மண்டபம், அஞ்சல் பெட்டி, குப்பை, மின்சாரம், ஸ்பிரிங்ளர் குழாய் அறை, இரண்டு படிக்கட்டு என்று எல்லாம் போக, 10,000 சதுர அடித் தரைத்தளத்தில் வாடகைக்கு மிஞ்சுவது 7,000 என்று கொள்வது பாதுகாப்பு. லிஃப்டும் சும்மா இல்லை: நான்கு தளமும் அதற்கு மேலும் உள்ள கட்டடத்தில் ஒரு லிஃப்டாவது 24க்கு 84 அங்குல ஆம்புலன்ஸ் படுக்கை நுழையும் அளவில் இருக்க வேண்டும்.

பக்கச் சுவர்

மனைக் கோட்டில் கட்டும் சுவரில் சன்னல் வைக்க முடியாது. கோட்டுக்கு 3 அடிக்குள் திறப்பே கூடாது. ஸ்பிரிங்ளர் வைத்த கட்டடத்தில், சாதாரணச் சன்னலுக்கு 3 முதல் 5 அடி வரை சுவரில் 15 சதவீதம், 5 முதல் 10 வரை 25, 10 முதல் 15 வரை 45, 15 முதல் 20 வரை 75. 20 அடிக்கு மேல் கட்டுப்பாடு இல்லை. தெரு இருக்கும் பக்கம் தெருவின் நடுக்கோடு வரை அளக்கலாம் என்பதால் நம் 60 அடித் தெருப்பக்கம் 30 அடி கிடைக்கிறது, முழுவதும் கண்ணாடி போடலாம். பின்சந்து 20 அடி, நடுக்கோட்டுக்கு 10 அடி: 45 சதவீதம். இரு பக்கங்களிலும் வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும் என்றால் மேல்தளங்களை உள்ளே தள்ளுவதோ நடுவில் முற்றம் விடுவதோதான் வழி. மேல்தளங்களைத் தரைத்தளத்தைவிடக் குறைவாக 9,500 என்று போட்டதற்கு இதுவும் காரணம். பக்கத்து மனை இன்று காலியாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் சன்னல் வரைபவர்கள் உண்டு. விதி அளப்பது மனைக் கோடு வரைதான்.

எண்ணெய்ப்புகைக் குழாய்

கலப்புக் கட்டடங்களில் மிக அதிகமாக மறந்துபோகும் ஒரே பொருளைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். எண்ணெயில் பொரிக்கும், நெருப்பில் சுடும் சமையலறைக்கு மேல் எண்ணெய்ப்புகையை இழுக்கும் ஹூட் கட்டாயம். அதன் குழாயை வழக்கமாகக் கூரைக்குத்தான் கொண்டுபோகிறார்கள்: வாய் கூரைப் பரப்புக்கு 40 அங்குலம் மேலே இருக்க வேண்டும், பக்கத்து மனைக் கோட்டிலிருந்தும் காற்று உள்ளிழுக்கும் வாய்களிலிருந்தும் 10 அடி தள்ளியிருக்க வேண்டும். கிடையாகப் போகும் பகுதி அடிக்குக் கால் அங்குலம் சரிவு, படியும் எண்ணெய் திரும்பி ஓட. தரைத்தளத்திலிருந்து நான்கு வீட்டுத் தளங்களைத் துளைத்துப் போவதால் குழாயைச் சுற்றி இரண்டு மணி நேரத் தடுப்பு, திருப்பங்களில் துப்புரவுக்குத் திறப்பு. குழாய்க்குள் படிந்த எண்ணெய் பற்றிக்கொண்டால் அது படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் எரியும் நெருப்பு. அதனால்தான் இத்தனை கெடுபிடி.

வடிவமைக்கும்போதே ஷாஃப்ட் விட்டால் ஒவ்வொரு தளத்திலும் 10, 12 சதுர அடிதான் போகும். விடாமல் கட்டி, வீடுகள் விற்ற பிறகு உணவகக்காரர் வந்தால், எந்த வீட்டுக்காரர் தன் அலமாரியைக் கொடுப்பார்? தரைத்தளம் சாலட் கடைக்கும் செல்போன் கடைக்கும் மட்டும் லாயக்காகிவிடும். வாடகைதாரர் யார் என்று தெரியாதபோது காலி ஷாஃப்ட் ஒன்றும், தரைக்கடியில் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கு இடமும் விட்டுவைப்பது மலிவான காப்பீடு. ஒலிக்கும் விதி உண்டு: வீட்டைப் பொது இடங்களிலிருந்து பிரிக்கும் சுவருக்கும் தளத்துக்கும் எஸ்.டி.சி என்ற ஒலித்தடுப்பு அளவு 50. பேச்சுச் சத்தத்துக்கு அது போதும், இசை போடும் உணவகத்தின் தாழ்ந்த அதிர்வுக்குப் போதாது. நேர் மேலே உள்ள வீடுகளுக்குக் கூடுதலாகச் செய்யுங்கள்.

சரிவான தெருவில் இருந்தால் இன்னொன்று. நடைபாதை 100 அடிக்கு 5 சதவீதம் சரிந்தால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 5 அடி வேறுபாடு. ஒவ்வொரு கடை வாசலும் சக்கர நாற்காலிக்குப் படியில்லாமல் சேர வேண்டும். சாய்தளம் வேண்டுமென்றால் 1க்கு 12க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஒரே மட்டத்தில் தளம் போட்டுவிட்டால் கீழ்முனைக் கடைக்கு 60 அடிச் சாய்தளம் வரும், இடைமேடையைச் சேர்க்காமலே. கடைத்தளத்தைப் படிப்படியாக இறக்குவதே தீர்வு. மேலே லிஃப்ட் உள்ள கட்டடம் என்பதால் கூட்டாட்சி வீட்டுரிமைச் சட்டப்படி எல்லா வீடுகளும் அடிப்படை அணுகல் வசதியோடு இருக்க வேண்டும். 20 வீட்டுக்கு மேல் என்பதால் ஐ.பி.சிப்படி 2 சதவீதம், நம் கணக்கில் ஒரு வீடு, இன்னும் விரிவான அணுகல் வசதியுள்ள ஏ வகை.

விதி இடிக்கும்போது

இரண்டு சட்டங்களிலும் வாசல்கள் வேறு. ஜோனிங்கில் விதிவிலக்கு கேட்கலாம். மனையின் வடிவமோ சரிவோ காரணமாக விதியைப் பின்பற்ற முடியவில்லை என்று வாரியத்தின் முன் காட்ட வேண்டும். லாபம் குறைகிறது என்பது காரணமாகாது. கட்டட விதியில் விலக்கு என்று கேட்பதைவிட, வேறு வழியில் அதே பாதுகாப்பைத் தருகிறேன் என்று கட்டட அதிகாரியிடம் ஆதாரத்தோடு காட்டும் பாதை உண்டு.

வேலை வரிசையும் முக்கியம். மண்டல உறுதிக் கடிதமும் நில அளவையும் முதலில். அடுத்து இரு துறையையும் தீயணைப்புத் துறையையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் முன்கூட்டம். பல நகரங்கள் இதை நடத்துகின்றன. அதற்குத் தரைத்தள வரைபடமும், குழு, ஆள் கணக்கு, கட்டுமான வகை எழுதிய ஒரு தாளும் போதும். அங்கே கேட்டதை எழுதி, பங்கேற்றவர்களுக்கே அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள். மனைத் திட்ட ஒப்புதல் முடிந்த பிறகே கட்டுமான வரைபடங்களுக்குப் பெரும் பணம் செலவழிக்க வேண்டும்.

கட்டி முடிந்தபின் சான்றிதழ் பெரும்பாலும் துண்டு துண்டாக வரும். வீடுகளுக்குக் குடியேறலாம் என்ற சான்றிதழ் கிடைக்கும். கடைப்பகுதி வெறும் கூடாக, சான்றிதழ் இல்லாமல், வாடகைதாரரின் தனி அனுமதிக்குக் காத்திருக்கும். வீட்டுச் சான்றிதழ் வாங்கும் நாளில் தரைத்தளம் காலியாக இருந்தாலும் அங்கே ஸ்பிரிங்ளரும் தீத்தடுப்புத் தளமும் முழுமையாக இருக்க வேண்டும். 42 பேர் காபிக் கடையாகத் தொடங்கியவர் மேசைகளைக் கூட்டி 60 பேருக்குப் போக நினைத்தால் அது பி குழுவிலிருந்து ஏ-2க்கு மாற்றம்: புதிய அனுமதி, இரண்டாவது கதவு, புதிய சான்றிதழ். ஏ குழு இடங்களில் எத்தனை பேர் என்ற எண்ணை வாசலருகே பலகையில் மாட்டி வைக்க வேண்டும் என்று விதி இருப்பதால், தீயணைப்பு ஆய்வாளர் முதலில் அந்தப் பலகையைத்தான் பார்ப்பார். பிறகு நாற்காலிகளை எண்ணுவார்.